கடுக்கம்பட்டுக்கு மூன்று மணி நேரம்

பிப்ரவரி 6, திங்கள்

பேனா ஓடுகிறதா என்று பார்க்கத்தான் இதை எழுதுகிறேன். போன வருஷத்து இயற்பியல் நோட்டில் பின்பக்கம் நாற்பது தாள் காலியாக இருக்கிறது. ஓடுகிறது.

காலையில் துறைத் தலைவர் கூப்பிட்டார். கனிம வேதியியல் இன்டர்னலில் பெயரையும் பதிவெண்ணையும் மட்டும் எழுதி வெற்றுத்தாள் கொடுத்துவிட்டேன். பதில் தெரியாமல் இல்லை. முதல் கேள்வி எனக்கு மனப்பாடம். பேனாவைத் தாளில் வைத்தால் கை நகரவில்லை, அவ்வளவுதான்.

"உடம்பு சரியில்லையாம்மா?" என்றார். இல்லை சார் என்றேன். "வீட்ல ஏதாச்சும் பிரச்சினையா?" இல்லை சார். "அப்ப என்னதான்?" அதற்கும் இல்லை சார் என்று சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார். இந்த வருஷம் கல்லூரிக்கு மனநல ஆலோசகர் ஒருவர் வந்திருக்கிறாராம். அவரைப் பார்த்துவிட்டு வந்தால்தான் மறுதேர்வாம்.

இரண்டு சுடிதார், ஒரு போர்வை துவைத்தேன். மாடியில் கொடி காலியாக இல்லை.

பிப்ரவரி 8, புதன்

நூலகத்துக்குப் பின்னால் பழைய ஸ்டோர் ரூமைத்தான் அவருக்குக் கொடுத்திருக்கிறார்கள். பெயர் ஷாகிதா. முப்பது வயது இருக்கலாம். சொந்த ஊர் ஆம்பூர். "உக்காருங்க அம்சவேணி, தண்ணி குடிக்கறீங்களா?" என்றார். இந்தக் கல்லூரியில் என்னை யாரும் நீங்க என்று கூப்பிட்டதில்லை. எதற்கோ அடிபோடுகிறார் என்று தோன்றியது.

ஒரு படிவம் தந்தார். கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் தூக்கம் வரவில்லை, எத்தனை நாள் எதிலும் ஆர்வம் இல்லை. எதிரே பூஜ்யம் முதல் மூன்று வரை வட்டம். நான் எல்லாவற்றுக்கும் ஒன்று போட்டேன். ஒன்று என்றால் யாருக்கும் தொந்தரவில்லை.

ஒரு கேள்வியில் மட்டும் மாட்டிக்கொண்டேன். மற்றவர்களுக்குக் கேட்காத குரல் உங்களுக்குக் கேட்கிறதா? எங்கள் ஊரில் சாமி வந்து ஆடுகிறவர்களுக்குக் கேட்கும். செத்துப்போன மாமனார் ஏர் பூட்டச் சொன்னார் என்று பக்கத்து வீட்டு அத்தை சொல்வாள். யாரும் அவளை எந்த டாக்டரிடமும் கூட்டிக்கொண்டு போகவில்லை. எனக்குச் சில நாள் ஹாஸ்டல் வராந்தாவில் இருமல் கேட்கிறது. இருமலைக் குரல் என்று சொல்லலாமா? பூஜ்யம் போட்டேன்.

"அப்பா என்ன பண்றாரு?"

"பெங்களூர்ல பெயிண்ட் வேலை."

"அடிக்கடி பேசுவாரா?"

"பேசுவாரு."

பிப்ரவரி 12, ஞாயிறு

அறையில் நான் மட்டும்தான். தீபலட்சுமி ஆரணிக்குப் போய்விட்டாள். மற்ற இரண்டு பேரும் ஊருக்குப் போய்விட்டார்கள். வார்டன் எட்டிப் பார்த்து, "நீ போகவே மாட்டியா? தீபாவளிக்கும் இங்கதான், பொங்கலுக்கும் இங்கதான்" என்றார். லேப் ரெக்கார்டு இருக்கிறது என்றேன்.

அம்மா, வெள்ளையன் மாமாவின் போனிலிருந்து கூப்பிட்டாள். வெள்ளையன் மாமா அம்மாவின் தம்பி.

"எப்ப கண்ணு வர்ற?"

"ரெக்கார்டு இருக்குதும்மா."

"மாசி முடியறதுக்குள்ள வந்துட்டுப் போ. ஊர்ல கேக்குறாங்க."

"பாக்குறன்."

"மூணு மணி நேரம்தானே ஆவுது பஸ்ஸுல."

டவர் கிடைக்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். அம்மா பேசினால் இப்படித்தான் ஆகிறது. அப்பா கடைசியாகப் பேசியபோதும் நான் லேபில் இருந்தேன், சரியாகப் பேச முடியவில்லை.

பிப்ரவரி 15, புதன்

ஷாகிதா மேடத்துக்கு என்னைப் பற்றி ஒரு முடிவு கிடைத்துவிட்டது. ஊர் ஏக்கம். "ஜவ்வாது மலைல இருந்து வந்து இந்த வெயில்ல இருக்கீங்க. நாலு நாள் ஊருக்குப் போயிட்டு வாங்க. உங்க ஊர் காத்தே மருந்து" என்றார்.

பஸ் இல்லை மேடம் என்றேன். மூன்று பஸ் இருக்கிறது.

அவர் குரலைத் தாழ்த்தி, "வீட்ல யாராவது உங்களைத் தொந்தரவு பண்றாங்களா? பயப்படாம சொல்லலாம்" என்றார். எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கோபம் வந்தது. எங்கள் வீட்டில் அம்மா மட்டும்தான் இருக்கிறாள். அவள் கோழியைக்கூட விரட்ட மாட்டாள். இல்லை என்று எழுந்து வந்துவிட்டேன். அம்மா மட்டும்தான் என்றா சொன்னேன்? சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 22, புதன்

இன்று நடந்தது எனக்கே விளங்கவில்லை.

மேடம் போனில் ஒரு பதிவு போட்டார். மனதைத் தளர்த்துவதற்காம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் போதும். ஓர் அக்கா இனிமையாகப் பேசினார். "நீங்கள் ஒரு பசுமையான காட்டில் நடந்துகொண்டிருக்கிறீர்கள். மழை பெய்து ஓய்ந்திருக்கிறது. தூரத்தில் ஓர் ஆறு ஓடும் ஓசை கேட்கிறது. மெல்ல அந்த ஆற்றை நோக்கிச் செல்லுங்கள்." உண்மையாகவே ஆற்றுச் சத்தமும் வைத்திருந்தார்கள்.

அடுத்து எனக்குத் தெரிவது நான் சைக்கிள் ஸ்டாண்டில் நிற்பது. செருப்பு இல்லை. மேடம் என் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். "என்னாச்சு, என்னாச்சு" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்குத் தெரிந்தால் சொல்ல மாட்டேனா? மூச்சு விட முடியவில்லை. அது நல்ல பதிவுதான். எல்லாருக்கும் நன்றாகத் தூக்கம் வருமாம்.

பிப்ரவரி 23, வியாழன்

ஒன்றும் இல்லை. ரெக்கார்டில் நான்கு படம் வரைந்தேன்.

மார்ச் 1, புதன்

போகக் கூடாது என்றுதான் இருந்தேன். மறுதேர்வுக்காகப் போனேன்.

மேடம் அறைக்கு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். படிவம் இல்லை, போன் இல்லை. "போன வாரம் நான் ஏதோ தப்பு பண்ணிட்டேன். என்ன தப்புன்னு எனக்குத் தெரியல. அந்தப் பதிவு எங்களுக்குப் பயிற்சியில குடுத்தது. காடுன்னா எல்லாருக்கும் அமைதின்னு நெனச்சுட்டேன். காட்டுல இருந்து வர்றவங்க கிட்டயே அதைக் கேக்காம போட்டுட்டேன்" என்றார்.

பெரியவர்கள் யாரும் என்னிடம் இப்படிப் பேசியதில்லை. பரவால்ல மேடம் என்றேன்.

"உங்க ஊர்ல, யாருக்காவது மனசு இப்படி ஆனா அதுக்கு என்ன சொல்வீங்க? உங்க வார்த்தைல?"

"நெஞ்சுல ஆளு குந்திக்கினு இருக்குதுன்னு சொல்வாங்க."

"குந்திக்கினு இருக்கற ஆளை என்ன பண்ணுவாங்க?"

"யாருன்னு கேப்பாங்க."

அவர் யாரென்று கேட்கவில்லை. கேட்பார் என்று பயந்துகொண்டே இருந்தேன். கேட்காததால் நானே பேசினேன் போலிருக்கிறது. எங்க ஊர்ல ஒருத்தர் இருந்தாரு மேடம் என்று ஆரம்பித்தேன். மேஸ்திரி கூட ஆந்திரா பக்கம் காட்டு வேலைக்குப் போனார். அது என்ன வேலை என்று யாரும் கேட்க மாட்டார்கள். எட்டுப் பேர் போனார்கள். ஆடி மாதம் நல்ல மழை. திரும்பி வரும்போது ஆற்றில் வெள்ளம். ஏழு பேர் வந்தார்கள். புகார் கொடுக்கவும் பயம், செம்மரம் வெட்டவா போனீர்கள் என்று கேட்பார்கள்.

"அவருக்குப் பசங்க இருக்காங்களா?"

"ஒரு பொண்ணு."

"அந்தப் பொண்ணு என்ன பண்றா?"

"படிக்கிறா."

மேடம் படிக்கட்டில் கிடந்த வேப்பங்குச்சியை எடுத்து உடைத்துக்கொண்டிருந்தார். உடம்பு கிடைக்காவிட்டால் உங்கள் ஊரில் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். சொன்னேன். ஓடைக்குப் போய்த் தண்ணீரைப் பார்த்து மூன்று தடவை பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். வைக்கோலில் ஆள் செய்து, அவர் வேட்டியைக் கட்டி, சட்டையைப் போட்டு, வீட்டுக்குக் கொண்டுவந்து, பிறகு புதைப்பார்கள். ஆனால் தலைச்சன் பிள்ளைதான் கூப்பிட வேண்டும். வேறு யார் கூப்பிட்டாலும் வர மாட்டார்கள்.

"அந்தப் பொண்ணு போகலையா?"

"போகல."

"போகலன்னா என்ன ஆகும்?"

"போகலன்னா அவரு இன்னும் சாகல."

இதைச் சொன்னது நான்தான். என் வாயில் இருந்து வந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மணி அடித்தது. எனக்கு லேப் இருந்தது.

மார்ச் 2, வியாழன்

அப்பா வேலைக்குப் போயிருக்கிறார். வேலைக்குப் போனவர்கள் இரண்டு வருஷம் கழித்துத் திரும்பி வந்த கதை எங்கள் பக்கம் நிறைய உண்டு. வெள்ளையன் மாமா திரும்பி வந்த அன்று அம்மாவிடம் ஏதோ சொன்னார். அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் உள்ளே சாமை புடைத்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. மறுநாள் விடியற்காலைப் பஸ்ஸில் ஹாஸ்டலுக்கு வந்துவிட்டேன். ஏனென்றால் கல்லூரி திறந்துவிட்டது.

மார்ச் 8, புதன்

"உங்க அம்மாகிட்ட நான் பேசலாமா?" என்று மேடம் கேட்டார். நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "நீங்க சரின்னு சொல்ற வரைக்கும் பேச மாட்டேன்" என்றார். எனக்கு அது வசதியாக இல்லை. அவரே பேசிவிட்டிருந்தால் அவர்மேல் கோபப்பட்டிருக்கலாம்.

மார்ச் 10, வெள்ளி

ஆய்வகத்தில் ப்யூரெட் உடைந்துவிட்டது. நான்தான் உடைத்தேன். தீபலட்சுமி கூடவே நின்று கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினாள். பொறுக்கிக்கொண்டே, "உங்கப்பா பேசி ரொம்ப நாளாச்சுல்ல? அன்னிக்கு நாம எல்லாம் பூரி சாப்டுட்டு இருந்தப்ப பேசினாரே" என்றாள்.

"நான் லேப்ல இருந்தேன்டி."

"இல்லடி. ஞாயித்துக்கிழமை. பூரி ஞாயித்துக்கிழமைதானே போடுவாங்க."

ஆமாம், ஞாயிற்றுக்கிழமை. எழுதிவிடுகிறேன். யாருடைய போனிலிருந்தோ பேசினார். ஸ்பீக்கரில் இருந்தது. "ஏம்மே அம்சா, தின்னியா?" என்று அவர் பாட்டுக்கு இழுத்து இழுத்துக் கேட்டார். மலையில் எல்லாரும் அப்படித்தான் பேசுவோம். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தீபலட்சுமிகூடச் சிரித்தாள். அதில் கெட்ட எண்ணம் இல்லை, அவளுக்கு அது அழகாக இருந்திருக்கும். எனக்குக் காது சுட்டது. நான் டவுன்காரி மாதிரி, "அப்பா, நான் அப்புறமா பேசறேன், வெச்சுடுங்க" என்றேன். அவரை வாழ்க்கையில் ங்க போட்டுப் பேசியதில்லை. அவர் ஒரு தடவை இருமினார். "சரிங்க" என்றார். கிண்டலுக்குத்தான் சொன்னாரா, இல்லை வேறு யாரோ எடுத்துவிட்டார்கள் என்று நினைத்தாரா? எட்டு மாதமாக யோசிக்கிறேன். தெரியவில்லை.

மார்ச் 15, புதன்

அம்மா வந்துவிட்டாள். யாரும் கூப்பிடவில்லை. முதல் பஸ்ஸில் கிளம்பி, துணிப்பையில் புளியும் தூக்குப்போசியில் சாமைச் சோறும் எடுத்துக்கொண்டு, கல்லூரி வாசலில் வாட்ச்மேனிடம் என் பேரைச் சொல்லிக்கொண்டு நின்றாள். நெற்றியில் பொட்டு பாதி அழிந்திருந்தது. வைத்ததா, அழித்ததா என்று தெரியவில்லை.

எங்கே கூட்டிப்போவது என்று தெரியாமல் மேடத்திடம் கூட்டிப்போனேன். அம்மா அந்த அறைக்குள் வரவில்லை. நாற்காலி, மூடிய கதவு, காவல் நிலையம் மாதிரி இருக்கிறது என்றாள். மேடம் உடனே வெளியே வந்து கேன்டீன் பின்னால் இருக்கும் புங்க மரத்தடியில் தரையில் உட்கார்ந்தார். நல்ல சேலை கட்டியிருந்தார். அம்மாவுக்கு அதில்தான் நம்பிக்கை வந்திருக்க வேண்டும். அவளும் உட்கார்ந்தாள்.

யாரும் கேட்காமலே அம்மா பேசினாள். "எம்மா, என்னை ஒரு நல்லதுக்கும் கூப்புடறதில்ல, கெட்டதுக்கும் கூப்புடறதில்ல. பொட்டு வெச்சா ஒருத்தி பாக்குறா, வெக்கலன்னா ஒருத்தி பாக்குறா. நான் யாருன்னே எனக்குத் தெரியல. எட்டு மாசமாவுது."

மேடம், "அவரு... இல்லைன்னு உங்களுக்கு உறுதியா தெரியுமாம்மா?" என்று கேட்டார். கேட்டதும் கேட்டிருக்கக் கூடாதோ என்று அவர் முகம் மாறியது.

"எனக்கு எப்டி தெரியும்? என் தம்பி வெள்ளையன் பாத்தான். கையைப் புடிச்சானாம். வழுக்கிட்டுதாம்."

நான் எழுந்திருக்கப் பார்த்தேன். அம்மா என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ எதுக்கு வர மாட்டேங்குறன்னு எனக்குத் தெரியும்மே. நீ வராத வரைக்கும் அப்பன் உசுரோட கீறான்னு நெனக்கிற. நான் என்னா நெனக்கிறன் தெரியுமா? அந்த மனுசன் இன்னும் தண்ணியிலயே கெடக்குறாரு. ஆடியில வுழுந்தவரு. கார்த்திகை போச்சு, தை போச்சு, குளுருல கெடக்குறாரு. நீ கூப்புட்டாத்தான் ஏறி வருவாரு. வேற யாரு கூப்புட்டாலும் வர மாட்டாரு. எம்மாநாளு கெடக்கட்டும்?"

எனக்கு இதுவரை அப்படித் தோன்றவே இல்லை. நான் அவரைச் சாகாமல் வைத்திருக்கிறேன் என்றுதான் இருந்தேன். இரண்டில் எது சரி என்று மேடத்தின் முகத்தைப் பார்த்தேன். படித்தவர், அவருக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

"எனக்குத் தெரியல அம்சவேணி" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

நான் அழவில்லை. மூன்று பேரும் சாமைச் சோற்றைச் சாப்பிட்டோம். கேன்டீன்காரர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

மார்ச் 17, வெள்ளி

அலுவலகத்தில் விடுப்புப் படிவம் வாங்கினேன். மாதிரித் தேர்வு நேரம் என்பதால் பத்து நாள் விடுப்புக்குச் சான்றிதழ் வேண்டுமாம். "என்ன காரணம்? சாவுன்னா இறப்புச் சான்றிதழ் வை" என்றார் எழுத்தர். காணாமல் போனவர்களுக்கு ஏழு வருஷம் ஆகாமல் அது கிடைக்காதாம். புகாரே இல்லாதவருக்கு எதைக் காட்டிக் கேட்பது?

காரணம் என்ற இடத்தில் சொந்த வேலை என்று எழுதி அடித்தேன். குடும்ப விசேஷம் என்று எழுதி அடித்தேன். புதுப் படிவம் வாங்கினேன். "என் அப்பாவை வீட்டுக்குக் கூப்பிடப் போகிறேன்" என்று எழுதினேன். எழுத்தர் படித்துவிட்டு, "இதெல்லாம் ஒரு காரணமாம்மா?" என்றார். அவர் கேட்டதும் சரிதான்.

மேடம் வந்தார். அந்த வரிக்குக் கீழே, இது இந்த மாணவியின் ஊர் வழக்கப்படி தந்தையின் இறுதிச் சடங்கு, தலைமகள் இல்லாமல் நடக்காது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். முதல்வர் அறையில் அரை மணி நேரம் இருந்தார். வெளியே வரும்போது வேர்த்திருந்தது. விடுப்பு உண்டு. மறுதேர்வும் மாதிரித் தேர்வும் ஏப்ரலில் தனியாக எழுதலாம்.

வாசல்வரை வந்து, "நான் கூட வரணுமா?" என்று கேட்டார்.

"வேணாம் மேடம்."

"சரி" என்றார். வருத்தப்பட்டாரா என்று பார்த்தேன், தெரியவில்லை.

மார்ச் 24, வெள்ளி

கடுக்கம்பட்டு. நேற்று வந்தேன். பஸ் மூன்று மணி நேரம் இல்லை, மூன்றேகால். அம்மா வாசல் மெழுகிக்கொண்டிருந்தாள். நான் வைக்கோல் கொண்டுவந்து போட்டேன். அப்பாவின் நீலச் சட்டை பெட்டியில் இல்லை. அதைத்தான் போட்டுக்கொண்டு போயிருக்கிறார். வெள்ளைச் சட்டை இருந்தது. பொத்தான் ஒன்று இல்லை, தைத்து வைத்தேன்.

மார்ச் 27, திங்கள்

நேற்று நடந்தது.

ஊர் முழுக்க ஓடைக்கு வந்தார்கள். பங்குனியில் தண்ணீர் கணுக்கால் அளவுதான். இந்தத் தண்ணீருக்கும் அந்த ஆற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை. எல்லாத் தண்ணீரும் ஒன்றுதான் என்றார் சடங்கை நடத்திய ஊர்க்கவுண்டர். வேதியியலில் பார்த்தாலும் அப்படித்தான்.

வெள்ளையன் மாமா கூட்டத்தில் இல்லை. மேட்டில் பலா மரத்தை ஒட்டி நின்றார். எட்டு மாதமாக அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பாதி ஆளாகியிருந்தார். ஏழு பேர் திரும்பி வந்ததில் எனக்குக் கோபம் இவர்மேல் மட்டும்தான் இருந்தது. எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நான் ஏறிப்போனேன்.

"மாமா, வாங்க. தூக்க ஆள் வேணும்."

"என்னை முன்னால போடான்னாரு அம்சா. நான் போயிட்டன்" என்றார். அதையே இரண்டு தடவை சொன்னார்.

"தெரியும் மாமா. வாங்க." எனக்குத் தெரியாது. ஆனாலும் அப்படித்தான் சொன்னேன். அவர் இறங்கி வந்தார்.

தண்ணீரில் நின்று கூப்பிட்டேன். முதல் தடவை குரல் வரவில்லை. இரண்டாம் தடவை, "சடையன்" என்று சொன்னபோது அவருடைய பேரை நான் முதல் தடவையாகச் சொல்கிறேன் என்று தோன்றியது. மூன்றாம் தடவை சத்தமாகவே கூப்பிட்டேன். "யப்பா, ஏறி வாப்பா." மலையில் பேசுகிற மாதிரி, இழுத்து. வராந்தாவில் கேட்கிற அந்த இருமல் கேட்கவில்லை. பறவை ஒன்று கத்தியது, அவ்வளவுதான். வந்தாரா என்று கேட்டேன். வந்துட்டாரு என்றாள் அம்மா.

வெள்ளைச் சட்டை போட்ட வைக்கோல் ஆளை வீட்டுக்குத் தூக்கிவந்து, கிடத்தி, அழுது, பிறகு இடுகாட்டுக்குக் கொண்டுபோனோம். ஒரு பக்கம் மாமா பிடித்திருந்தார். குழியில் இறக்கியதும் தலைச்சன் பிள்ளை போ என்று சொல்ல வேண்டும். போ என்று மட்டும்தான். செத்துப்போனவரை வா என்று சொன்னால் வாசலிலேயே நிற்பார் என்பார்கள். ஊர்க்கவுண்டர் எனக்கு முன்கூட்டியே இரண்டு தடவை சொல்லிவைத்திருந்தார்.

நான் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டு, "போய்ட்டு வாப்பா" என்றேன்.

வேண்டுமென்று சொல்லவில்லை. வீட்டை விட்டுக் கிளம்புகிறவர்களிடம் வேறு எப்படிச் சொல்வது? கூட்டம் அப்படியே நின்றுவிட்டது. யாரோ ஒரு பெண் ஐயோ என்றாள். ஊர்க்கவுண்டருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. திருப்பிச் சொல்லச் சொல்வதா, முதலிலிருந்து செய்வதா என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். எல்லாவற்றையும் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அம்மாதான் முன்னால் வந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது.

"மண்ணைத் தள்ளுங்க. அவ அப்பன்கிட்ட அவ சொல்லிட்டா" என்றாள்.

தள்ளினார்கள்.

சரியாகத்தான் செய்தேனா என்று இப்போதும் தெரியவில்லை. அப்பா போய்விட்டாரா, வாசலில் நிற்கிறாரா, அதுவும் தெரியவில்லை. நாளை மறுநாள் திரும்ப வேண்டும். ஏப்ரல் மூன்றாம் தேதி தேர்வு.

சடங்கு முடிந்து பந்தியில் அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் வந்த நாளிலிருந்து ஒரு பிடியோடு எழுந்துவிடுகிறவள், இரண்டாம் தடவை சோறு போட வந்தபோது இலையை மூடவில்லை. போடச் சொன்னாள்.